வீட்டருகே உள்ள இயற்கைக் காப்பகத்தின் வேலிக்கு யார் பணம் தர வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதியான சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: தெருமுனையில் தொடங்கும் சிறிய இயற்கைக் காப்பகத்தின் வேலி சரிந்து கிடக்கிறது, காவலர் வருவதில்லை, ஓடைக்கரை முழுவதும் உண்ணிச்செடி மண்டிவிட்டது, மாதந்தோறும் மாநகராட்சிக்கு ரேட்ஸ் என்ற சொத்து வரி கட்டுகிறோம், க்ரூகர் பூங்காவுக்குப் போனால் வாயிலிலும் கட்டணம் செலுத்துகிறோம், அப்படியிருந்தும் அரசு இயற்கைக்கென்று பணமே ஒதுக்குவதில்லையா, பேசாமல் தனியாரிடம் ஒப்படைத்துவிட்டால் என்ன? உங்கள் மனத்தாங்கல் நியாயமானது. ஆனால் "அரசு பணம் தருகிறதா" என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. எந்த அரசு, எந்தக் கருவூலத்திலிருந்து, எந்த வகைப் பணத்தைத் தருகிறது என்று பிரித்துக் கேட்க வேண்டும். பொது நிதி நிர்வாகம் படித்து, பிறகு பல ஆண்டுகள் காப்பகங்களின் வரவு-செலவுத் திட்டங்களைத் தயாரிக்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் இயற்கைக்குப் பணம் வருகிறது; புதுத் திட்டத்துக்கு வரும், வேலைவாய்ப்புக்கு வரும், காண்டாமிருகத்துக்கு வரும். ஆனால் ஆண்டுதோறும் தவறாமல் வேலி கட்டவும், களை பிடுங்கவும், காவலருக்குச் சம்பளம் கொடுக்கவும் வேண்டிய பராமரிப்புப் பணத்துக்குத்தான் கேட்பார் இல்லை.

முதலில் சட்டம் எப்படிப் பிரித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அரசியலமைப்பின் நான்காம் அட்டவணை இயற்கைப் பாதுகாப்பை நடுவண் அரசும் மாகாணமும் சேர்ந்து பொறுப்பேற்கும் துறையாக வைக்கிறது. தேசியப் பூங்காக்கள், தேசியத் தாவரவியல் பூங்காக்கள், கடல்வளம் ஆகிய மூன்றை மட்டும் அதிலிருந்து விலக்கி நடுவண் அரசிடம் விடுகிறது. ஐந்தாம் அட்டவணை நகராட்சிப் பூங்காக்களையும் பொழுதுபோக்கிடங்களையும் உள்ளாட்சியிடம் கொடுக்கிறது. ஆக, க்ரூகர் நடுவண் அரசின் கீழ் இயங்கும் சான்பார்க்ஸ் நிறுவனத்துடையது. ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோஸி வனவிலங்குப் பூங்கா, குவாசுலு-நடால் மாகாணத்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான எஸெம்வெலோவின் பொறுப்பு. பிள்ளைகள் ஊஞ்சலாடும் தெருப் பூங்கா டர்பனை ஆளும் எத்தேக்வினி மாநகராட்சியுடையது. சிக்கல் இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. மாநகராட்சி நிலத்தில் காடாகவும் ஓடையாகவும் உள்ள ஓரிடத்தை "இயற்கைக் காப்பகம்" என்று வைத்திருந்தால், பூங்கா என்ற வகையில் அது உள்ளாட்சிப் பணி, இயற்கைப் பாதுகாப்பு என்ற வகையில் அது உள்ளாட்சியின் பட்டியலிலேயே இல்லாத பணி. மாநகராட்சி தன் விருப்பத்தாலும் தன் ரேட்ஸ் வருவாயாலும் அதைச் செய்கிறது. நெருக்கடி வரும் ஆண்டில் "இது எங்கள் கட்டாயக் கடமை அல்ல" என்று சொல்ல இடமும் இருக்கிறது. உங்கள் காப்பகம் இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது என்பதை நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. சாட்ஸ்வொர்த்தைச் சுற்றி இருப்பவற்றில் பல மாநகராட்சிக்குச் சொந்தமானவை என்பதால் அப்படியே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

க்ரூகர் வாயிலில் நீங்கள் கட்டும் பணம் சாட்ஸ்வொர்த்துக்கு வராததற்குக் காரணமும் இதுவே. அது சான்பார்க்ஸின் சொந்த வருவாய். அதன் எல்லைக்குள்ளேயே சுற்றிவரும். வரிப்பணத்தின் கதை வேறு. நடுவண் அரசு திரட்டும் பணம் முழுவதும், சட்டம் விலக்கியவை தவிர, அரசியலமைப்பின் 213ஆம் பிரிவின்படி தேசிய வருவாய் நிதியத்தில் கலக்கிறது. அங்கிருந்து நாடாளுமன்றம் ஒதுக்கும்போதுதான் வெளியே வரும். கடையில் பிளாஸ்டிக் பை வாங்கும்போது நாம் 2004 முதல் செலுத்திவரும் தீர்வையும், 2019 ஜூன் முதல் வந்த கார்பன் வரியும் சுற்றுச்சூழலின் பெயரால் வசூலிக்கப்பட்டாலும் அந்தப் பொது நிதியத்துக்கே போகின்றன. பை வரி ஓடைக்கரையைத் துப்புரவாக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு கட்டாயத் தொடர்பு சட்டத்தில் இல்லை.

இனி மாகாணத்துக்குப் பணம் வரும் வழியைப் பார்க்கலாம். உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. மாகாணங்களுக்குச் சொந்த வரிவருவாய் மிகக் குறைவு. நடுவண் நிதியத்திலிருந்து வரும் சமநீதிப் பங்கையே அவை நம்பியிருக்கின்றன. அந்தப் பங்கைக் கணக்கிடும் சூத்திரத்தில் கல்விக்கு 48 சதவீதம், சுகாதாரத்துக்கு 27 சதவீதம், மக்கள்தொகை அடிப்படையில் 16 சதவீதம், நிர்வாகச் செலவுக்காக எல்லா மாகாணங்களுக்கும் சமமாக 5 சதவீதம், வறுமைக்கு 3 சதவீதம், பொருளாதார நடவடிக்கைக்கு 1 சதவீதம் என எடை வைத்திருக்கிறார்கள். இதைக் கூட்டிப் பாருங்கள், நூறு ஆகிவிடும். காட்டின் பரப்பு, ஆற்றின் நீளம், காக்க வேண்டிய விலங்கு எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. மனிதத் தலை எண்ணிப் பணம் வருகிறது. யானையும் ஈரநிலமும் மலைச்சரிவும் மிகுந்த மாகாணத்துக்கு அவற்றுக்காக ஒரு ரான்ட் கூடக் கூடுதலாக வருவதில்லை. இங்கே ஒரு விளக்கம் அவசியம்: இந்தச் சதவீதங்கள் பங்கைக் கணக்கிடத்தான், செலவைக் கட்டுப்படுத்த அல்ல. மாகாண சட்டமன்றம் விரும்பினால் எஸெம்வெலோவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஒதுக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மருத்துவமனையில் செவிலியர் போதவில்லை, பள்ளியில் கூரை ஒழுகுகிறது என்ற கோரிக்கைகளுக்கு எதிரே உட்கார்ந்து காப்பகத்துக்குப் பணம் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த மேசையில் இருந்தவர்கள் அறிவார்கள். கேட்பவரிடம் நியாயம் இல்லாமல் இல்லை. எதிரே இருப்பவரின் நியாயம் அதைவிட அவசரமாகத் தெரியும்.

அப்படிக் கிடைக்கும் பணமும் உள்ளே போனதும் எப்படிக் கரைகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஒதுக்கீட்டின் பெரும்பகுதி சம்பளம். சம்பளத்தைக் குறைக்க முடியாது. ஊதிய ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் ஏறும். ஒதுக்கீடு அதே வேகத்தில் ஏறாவிட்டால் எரிபொருள், வேலிக்கம்பி, களைக்கொல்லி, வாகனப் பழுது ஆகியவற்றிலிருந்துதான் வெட்ட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு இப்படிப் போனால் ரேஞ்சர் இருப்பார், ஆனால் ரோந்து போக வண்டி ஓடாது. அடுத்த கட்டத்தில் ஓய்வுபெற்றவரின் இடத்தை நிரப்பாமல் விடுவார்கள். வேலி ஒரே நாளில் விழுவதில்லை என்பதால் அதை ஓராண்டு ஒத்திப்போடுவது யார் கண்ணிலும் படாது. குவாசுலு-நடாலில் இதன்மேல் இன்னொரு சுமையும் ஏறியது. 2023இல் நாடு முழுவதும் 499 காண்டாமிருகங்கள் கள்ளவேட்டைக்குப் பலியாயின. அவற்றில் 325 நம் மாகாணத்தில், அதிலும் 307 ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோஸி என்ற ஒரே பூங்காவில். 1895இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, தென் வெள்ளைக் காண்டாமிருக இனம் அழியாமல் தப்பிப் பெருகிய மண் அது. அதைக் காப்பதற்கு ஆளும் கருவியும் குவிப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். சிறு காப்பகங்களின் பராமரிப்பு பின்தங்கியதற்கு இந்தக் குவிப்பு எந்த அளவுக்குக் காரணம் என்பது விவாதத்துக்குரியது. ஓரளவு காரணம் என்பது என் அனுமானம், நிரூபிக்கப்பட்ட உண்மை அன்று.

சான்பார்க்ஸ் தன் காலில் நிற்கிறதே, மற்றவர்களால் ஏன் முடியாது என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1926இல் தொடங்கிய க்ரூகர் ஏறக்குறைய இருபதாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. உலகம் முழுவதிலிருந்தும் பயணிகள் வருகிறார்கள். வெளிநாட்டவரிடம் நம்மைவிடப் பல மடங்கு கட்டணம் வாங்குகிறார்கள். சான்பார்க்ஸ் தன் செலவின் பெரும்பகுதியைச் சுற்றுலாவிலிருந்தே ஈட்டுகிறது. ஆனால் அதன் கீழுள்ள இருபதுக்கு அருகான பூங்காக்களில் தன் செலவைத் தானே ஈடுகட்டுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. கூட்டம் மிகுந்த பெரிய கோயிலின் உண்டியலைக் கொண்டு வருமானமில்லாத சிறு கோயிலில் ஒருகால பூஜை நடத்துவது போலத்தான் மற்ற பூங்காக்கள் க்ரூகரின் வருவாயில் வாழ்கின்றன. 2020 மார்ச் இறுதியில் நாடு முடங்கியபோது அந்த உண்டியல் ஒரே இரவில் மூடிக்கொண்டது. அரசு கைகொடுக்க வேண்டியதாயிற்று. சுற்றுலா வருவாய் நல்ல காலத்துக்குத் துணை. காவலுக்கும் பராமரிப்புக்கும் அதை மட்டும் நம்புவது பாதுகாப்பன்று. அதற்கும் மேலாக, சிங்கமும் யானையும் இல்லாத, பறவையும் மூலிகையும் ஓடையும் மட்டுமே உள்ள ஊர்க் காப்பகத்துக்கு இந்த வழி தொடக்கத்திலிருந்தே பொருந்தாது. அங்கே வாயிற்கட்டணம் வைத்தால் வருவாய் பெருகாது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்தான் வெளியே நிற்பார்கள்.

அரசு தாராளமாகப் பணம் தந்த ஒரு துறையும் உண்டு. நம் வடகரையில் ஸ்டேங்கரில் பிறந்த காதர் அஸ்மால் நீர்வளத்துறை அமைச்சராக இருந்தபோது 1995இல் "வொர்க்கிங் ஃபார் வாட்டர்" என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஆற்றுநீரை உறிஞ்சும் அயல்நாட்டு மரஞ்செடிகளை வெட்டி அகற்றுவது, அந்த வேலையை வேலையற்ற ஏழை மக்களுக்குக் கொடுப்பது என்ற இரண்டு நோக்கங்களை ஒன்றாகக் கட்டியதால் சுற்றுச்சூழல் பணமும் வறுமை ஒழிப்புப் பணமும் சேர்ந்து வந்தன. இந்த முப்பது ஆண்டுகளில் நம் நாட்டில் இயற்கைக்கென எடுக்கப்பட்ட நிதி முடிவுகளில் இதையே சிறந்ததாக நான் மதிக்கிறேன். இதன் பொருளாதாரமும் உறுதியானது: கேப் டவுனின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் அயல் மரங்கள் ஆண்டுக்கு 5,500 கோடி லிட்டர் நீரைக் குடிக்கின்றன என்றும், புதிய நீராதாரம் கட்டுவதைவிட அவற்றை வெட்டுவது மலிவு என்றும் 2018இல் அமைத்த நீர் நிதியம் கணக்கிட்டுக் காட்டியது. ஆனால் இங்கும் அதே பழைய ஓட்டை. கருவேல இனத்தைச் சேர்ந்த வாட்டில் மரத்தின் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். உண்ணிச்செடியும் குரோமோலேனா என்ற அயல் களையும் ஒருமுறை வெட்டினால் அடுத்த மழையில் மீண்டும் தழைக்கும். முதல் வெட்டுக்குப் பின் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் போக வேண்டும். வேலைவாய்ப்புத் திட்டத்தின் பணமோ குறுகிய ஒப்பந்தமாக வருகிறது. ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் செடி வளர்ந்துவிடும். எத்தனை ஹெக்டேர் வெட்டினோம் என்று கணக்குக் காட்டலாம், வெட்டிய இடம் வெட்டியபடி இருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. உங்கள் ஓடைக்கரையில் எப்போதோ ஆட்கள் வந்து வெட்டிவிட்டுப் போனதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

மாநகராட்சிக்கு வருவோம். உள்ளாட்சிகளுக்கான சமநீதிப் பங்கு ஏழைக் குடும்பங்களுக்கான தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், குப்பை அகற்றல் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது. சமூகச் சேவைக்கென ஒரு பகுதி உண்டு. தீயணைப்பு, சாலை, இடுகாடு, மழைநீர் வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றோடு பூங்காவும் அந்த ஒரே இலையில் உண்ண வேண்டும். எஞ்சியது நீங்கள் கட்டும் ரேட்ஸ். தேசியக் கருவூலம் 2014இல் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்றில், நகராட்சிகள் தம் சொத்து மதிப்பில் 8 சதவீதத்தை ஆண்டுதோறும் பழுதுபார்ப்புக்கும் பராமரிப்புக்கும் செலவிட வேண்டும் என்று அளவுகோல் வைத்தது. நல்ல அளவுகோல்தான். ஆனால் காப்பகத்தில் உள்ள எது கணக்கேட்டில் ஏறும் என்று பாருங்கள்: வேலிக்கும் காவலர் குடிசைக்கும் நடைபாதைக்கும் விலை உண்டு, மழைவெள்ளத்தைத் தாங்கி மெல்ல விடும் சதுப்புக்கும் கரையைப் பிடித்து நிற்கும் மரவேருக்கும் அந்த வேலையின் மதிப்பு ஏறுவதில்லை. கணக்கில் சிறியதாகத் தெரியும் சொத்துக்கு 8 சதவீதம் ஒதுக்கினாலும் அது சிறு தொகைதான். அந்த வேலையின் மதிப்பை டர்பன் மக்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 1917 உம்கேனி வெள்ளத்தில் படவட்டன் முதலிய நம் மீனவர் அறுவர் ஒரு படகில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கரைசேர்த்த செய்தியைப் பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருப்போம்; 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாமே பார்த்தோம். ஓடைகளையும் சரிவுகளையும் இணைக்கும் டிமாஸ் என்ற பசுமை வலையமைப்பை டர்பன் வரைந்திருப்பது பாராட்டத்தக்கது. எனினும் அது கட்டடம் எழுவதைக் கட்டுப்படுத்தும் திட்ட ஏற்பாடு, அதற்குள் ஒரு நிலம் வந்துவிட்டதால் மட்டும் பராமரிப்புப் பணம் வந்துவிடாது.

இதில் வரலாற்றின் பங்கையும் மறைக்கக் கூடாது. மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியேற்றிய 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் இந்திய வம்சாவளியினரான நம் மக்களை உம்கேனிக் கரையிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் குடியேற்றியபோது, பசுமைக்கென எஞ்சியவை பெரும்பாலும் வீடு கட்ட முடியாத செங்குத்துச் சரிவுகளும் ஓடைப் பள்ளங்களுமே. பொது வசதிகளை இனவாரியாகப் பிரித்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1990இல்தான் நீங்கியது. அதுவரை பணமும் ஆளும் கொட்டி வளர்த்த பூங்காக்கள் வெள்ளையர் பகுதிகளில் இருந்தன. அந்த வேறுபாடு இன்றும் மரநிழலில் தெரிகிறது. பராமரிப்புச் செலவை முந்தைய ஆண்டின் செலவை வைத்து நிர்ணயிக்கும் பழக்கம் இருக்கும்வரை பழைய ஏற்றத்தாழ்வு தன்னால் தொடரும்.

தனியாரிடம் கொடுப்பது பற்றிக் கேட்டீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு காரியங்கள் இருக்கின்றன. பூங்காவுக்குள் விடுதியையோ உணவகத்தையோ குத்தகைக்கு விடுவது முதலாவது. சான்பார்க்ஸ் இதைச் செய்கிறது, பயணிகள் வரும் இடத்தில் பலிக்கும், உங்கள் ஓடைக்கரையில் பலிக்காது. தனியார் தம் சொந்த நிலத்தைக் காப்பகமாக அறிவிக்க ஊக்கமளிப்பது இரண்டாவது. குறைந்தது 99 ஆண்டுகளுக்கு அப்படி அறிவித்தால் நிலத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 4 சதவீதம் வீதம் 25 ஆண்டுகள் வருமான வரியில் கழித்துக்கொள்ள 2015 மார்ச் முதல் சட்டம் இடம் தருகிறது. அரசு நிலம் வாங்காமலே பரப்பைப் பெருக்கும் நல்ல வழி அது. பொது நிலத்துக்குப் பொருந்தாது. பொதுக் காப்பகத்தையே விற்பது அல்லது முழுமையாகக் கைமாற்றுவது மூன்றாவது. பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டத்தின்படி முறையாக அறிவிக்கப்பட்ட பொது நிலமாக இருந்தால், மாகாணம் செய்த அந்த அறிவிப்பை நீக்க மாகாண சட்டமன்றத்தின் தீர்மானம் வேண்டும். அறிவிக்கப்படாத வெறும் நகராட்சி நிலமாக இருந்தால் அந்தக் காப்பு இல்லை. ஆகவே ஒப்படைக்கலாமா என்று பேசத் தொடங்குவதற்கு முன் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அறிவிக்கச் சொல்லிக் கேட்பதுதான் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

புதுவகை நிதி பற்றி ஊடகங்களில் படித்திருப்பீர்கள். 2022 மார்ச்சில் உலக வங்கி 15 கோடி டாலருக்கு ஐந்தாண்டுப் பத்திரம் ஒன்றை வெளியிட்டது. முதலீட்டாளர்கள் வட்டியை விட்டுக்கொடுக்க, அந்தப் பணம் அட்டோ யானைப் பூங்காவிலும் கிரேட் ஃபிஷ் ஆற்றுக் காப்பகத்திலும் கருப்புக் காண்டாமிருகப் பாதுகாப்புக்குப் போகிறது. எண்ணிக்கை பெருகினால் முதலீட்டாளர்களுக்குப் பரிசுத்தொகை உண்டு. முயற்சி மதிக்கத்தக்கது. ஆனால் தலை எண்ணக்கூடிய, உலகமே அறிந்த விலங்குக்குப் பொருந்தும் ஏற்பாடு, தவளையும் பெரணியும் உள்ள சதுப்புக்குப் பொருந்துமா என்பது இன்னும் யாரும் தீர்க்காத கேள்வி. சுற்றுச்சூழல் வரிகளைத் தனி நிதியமாக ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற கோரிக்கையிலும் இரு பக்கமும் நியாயம் உண்டு. தனி நிதியம் உறுதி தரும், ஆனால் அதைக் காரணம் காட்டிப் பொது ஒதுக்கீட்டைக் குறைத்துவிடும் ஆபத்தும் உண்டு. நான் அந்தக் கோரிக்கைக்குச் சற்றே ஆதரவாகச் சாய்கிறேன் என்பதற்குமேல் இதில் உறுதி சொல்லமாட்டேன்.

செய்யக்கூடியது என்னவென்றால், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். நிலம் யாருடையது, காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா, மேலாண்மைத் திட்டம் இருக்கிறதா, கடந்த மூன்று ஆண்டுகளில் அந்த இடத்துக்கெனப் பராமரிப்பில் எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவிட்டார்கள் என்ற நான்கை மட்டும் கேளுங்கள். மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது; வரைவுத் திட்டம் மார்ச் இறுதிக்குள் மன்றத்தில் வைக்கப்பட்டு ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் கருத்துக்கு வரும். வார்டு கவுன்சிலரிடம் ஜூலையில் போனால் பேச்சோடு முடியும். அக்டோபரிலேயே போனால் வரைவில் இடம்பெற வாய்ப்புண்டு. போகும்போது புது நுழைவாயிலோ பெயர்ப்பலகையோ கேட்காதீர்கள். மூலதனச் செலவில் அது எளிதில் கிடைத்துவிடும், திறப்பு விழாவும் நடக்கும், வேலி அப்படியே கிடக்கும். நடைமுறைச் செலவில், அந்தக் காப்பகத்தின் பெயரைக் குறிப்பிட்டு, மாநகராட்சியின் மூன்றாண்டு வரவு-செலவுத் திட்டத்தின் மூன்று ஆண்டுகளிலும் வரும்படி, ஒரு காவலர் பணியிடமும் ஆண்டுக்கு இருமுறை களையெடுப்பும் வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். கோயில் சங்கமும் பள்ளியும் குடியிருப்போர் சங்கமும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டால் அதன் எடை கூடும். தொண்டர்களாகச் சேர்ந்து நீங்களே செடி வெட்ட எண்ணினால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வெட்டிய நாளையும் இடத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதிவைத்து, அந்தப் பதிவையும் கடிதத்தோடு இணையுங்கள், அந்த உழைப்பை மாநகராட்சியின் பணிக்கு மாற்றாக அல்ல, அங்கே ஆண்டுதோறும் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கான கணக்காக அவர்கள் படிக்கும்படி.